பழைய புத்தகம் வாங்கும் முன்

தம்பி தங்கைகளே, எஸ்.பி.எம். முடித்த கையோடு பழைய பிஎச்பி புத்தகம் ஒன்றை 15 வெள்ளிக்கு வாங்கி அலோர் காஜா வீட்டில் உட்கார்ந்து படித்தேன். டேட்டாபேஸ் பாடம் வந்ததும் எதுவுமே ஓடவில்லை. இரண்டு வாரம் முட்டிமோதிவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது" என்று மூடி வைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: புத்தகத்தில் இருந்த 'மைஎஸ்கியூஎல் கனெக்ட்' கட்டளையை, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-இல் எடுத்தே விட்டார்கள். என் கணினியில் இருந்தது அந்த 7.

அதனால் வெப் புத்தகம் வாங்கும்போது டேட்டாபேஸை இணைக்கும் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். 'மைஎஸ்கியூஎல்ஐ' அல்லது 'பிடிஓ' என்றிருந்தால் எடுங்கள். இல்லையென்றால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

டேட்டாபேஸ் புத்தகம் அப்படியில்லை. தரவை அட்டவணைகளாகப் பிரிக்கும் முறையை எட்கர் காட் 1970-இல் எழுதினார். இன்றும் அடிப்படை அதுதான். பத்து வருடப் பழசானாலும் படிக்கலாம். தமிழிலேயே து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான். தேவார வகுப்புப் பிள்ளைகளின் பெயர் ஒரு டேபிளில், வருகை இன்னொன்றில். இரண்டையும் ஜாயின் பண்ணி, போன வாரம் யார் வரவில்லை என்று எடுக்கச் சொல்வேன்.