இருபது நிமிடத்தில் லிஸ்பன்!

கேள்வி: மாட்ரிட்டிலிருந்து லிஸ்பன் எவ்வளவு தூரம்? காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் 10.20-க்கே இறங்கிவிடும் என்கிறது டிக்கெட். திரும்பும்போது மட்டும் இரண்டே கால் மணி நேரம் காட்டுகிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழையே இல்லை. இரண்டு நகரங்களுக்கும் இடையே வான்வழி தூரம் சுமார் 500 கிலோமீட்டர். எந்தத் திசையில் போனாலும் பயணம் ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம்தான். அதிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது என்று பாதிக்கு மேல் கழிந்துவிடும். காபி குடித்து முடிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்வார்கள்.

குழப்பம் கடிகாரத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் நேரம் ஸ்பெயினுக்கு ஒரு மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், வரும்போது அதே அளவு நஷ்டம்.

வரைபடப்படி பார்த்தால் மாட்ரிட்டும் லண்டனுக்கு மேற்கேதான் இருக்கிறது; போர்ச்சுகலைப் போல ஸ்பெயினும் லண்டன் நேரத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் 1940-ல் ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. அதை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. அதனால் கோடையில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வரவே 2 மணி தாண்டிவிடும்!

ரயிலில் போகலாமே என்று நினைக்காதீர்கள். நேரடி இரவு ரயில் 2020-ல் நின்றுபோனது. காரில் போனால் 600 கிலோமீட்டருக்கு மேல், ஆறு மணி நேரம் ஆகும். விமானமே மேல்.