தேனை விலக்கினோம், தேனீயைக் காத்தோமா?

கள், ஊன், தேன் ஆகிய மூன்றனையும் விலக்குதல் சிராவகர்தம் மூலகுணங்களுள் அடங்கும். இல்லறத்தார் ஒழுக்கத்தை உரைக்கும் இரத்தின கரண்டக சிராவகாசாரம், இம்மூன்று விலக்குகளையும் ஐந்து அணுவிரதங்களோடு சேர்த்து எட்டு மூலகுணங்களாக எண்ணுகிறது. தேனடையைப் பிழியுங்கால் அதனுள் வளரும் முட்டைகளும் புழுக்களும் மடியும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். தேனீ, தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் என்னும் நான்கு பொறிகளையுடைய உயிர் என்பது நம் ஆகமக் கொள்கை.

ஆயினும் இக்காலத்தில் தேனீக்கு நேரும் பெருந்தீங்கு தேன் எடுப்போரால் மட்டும் வருவதன்று. தேனைத் தீண்டாத கையாலும் தேனீ மடியக்கூடும். அஃது எவ்வாறு என்பதையே இப்பாடத்தில் காண்போம்.

கூடு உண்டு, தேனீ இல்லை

2006-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் தேனீ வளர்ப்போர் சிலர் தம் பெட்டிகளைத் திறந்து திகைத்தனர். இராணித் தேனீ இருந்தது, புழுக்கள் இருந்தன, தேனும் மகரந்தமும் இருந்தன. வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணவில்லை. பெட்டியின் அருகில் இறந்த உடல்களும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில், பல காரணங்களாலும் சேர்ந்து, அந்நாட்டுத் தேனீக் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்தது.

தென்னிந்தியாவும் இத்தகைய துயரைக் கண்டதுண்டு. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் 'தாய் சாக்புரூட்' என்னும் வைரஸ் நோய் பரவிற்று. நோயுற்ற புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் ஊதி மடிந்தன. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெட்டிகளில் வளர்ந்த நம் நாட்டு அடுக்குத் தேனீக்கள் பெருமளவில் அழிந்தன.

இங்கு ஓர் உண்மையையும் மாணவர் அறிதல் வேண்டும். உலக முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வளர்க்கப்படும் தேனீக் குடும்பங்களின் தொகை 1961-ஆம் ஆண்டில் இருந்ததைவிடக் கூடியே உள்ளது. வளர்ப்போர் எஞ்சிய குடும்பங்களைப் பிரித்துப் பெருக்கி இழப்பை ஈடு செய்கின்றனர். ஆதலால் தொகை நிரம்பியது கண்டு சாவு குறைந்தது என்று எண்ணலாகாது. 2024-25 குளிர்காலத்தை ஒட்டி, அமெரிக்காவில் வணிகத்திற்காக வளர்க்கப்பட்ட குடும்பங்களுள் பாதிக்கு மேல் மடிந்தன. ஈடு செய்வார் எவருமில்லாத காட்டுத் தேனீக்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது.

அறிஞர் ஆராயும் முறை

காணாமற்போன தேனீயை எவ்வாறு ஆராய்வது? ஆஸ்திரிய அறிஞர் கார்ல் வான் பிரிஷ் இதற்கு வழிகாட்டினார். கண்ணாடிச் சுவருடைய கூட்டில் தேனீக்களை வைத்து, அவற்றின் முதுகில் வண்ணப் புள்ளிகளிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங்கண்டார். மலர் கண்டு மீண்ட தேனீ கூட்டினுள் ஆடும் நடனம், ஏனைய தேனீக்களுக்குத் திசையையும் தொலைவையும் தெரிவிக்கிறது என்று நிறுவினார். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வண்ணப் புள்ளியின் இடத்தில் இன்று நுண்ணிய மின்னணுச் சில்லு வந்துள்ளது. 2012-இல் பிரெஞ்சு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காண்க. 600-க்கும் மேற்பட்ட தேனீக்களின் முதுகில் சில்லுகளை ஒட்டினர். ஒரு பகுதிக்கு மட்டும் தயாமீத்தாக்சாம் என்னும் பூச்சிக்கொல்லியைக் கொல்லாத சிற்றளவில் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தனர். பின்னர்த் தொலைவில் விட்டனர். கூட்டின் வாயிலிலிருந்த கருவி, திரும்பியவற்றைக் கணக்கிட்டது. மருந்துண்டவற்றுள் வீடு திரும்பாதவை மிகுதி. நஞ்சு நேரே கொல்லவில்லை. வழியை மறக்கச் செய்தது. வழி தவறிய தேனீ தனித்து வாழாது.

இன்னொரு முறை நம்மவர் உள்ளத்தைத் தொடுவது. வர்ரோவா என்னும் செந்நிற உண்ணி தேனீயின் உடலில் ஒட்டி வாழ்ந்து, சிறகைச் சிதைக்கும் வைரசையும் பரப்புகிறது. இவ்வுண்ணி ஆசியத் தேனீயிடமிருந்து ஐரோப்பியத் தேனீக்குத் தாவியது. நெடுங்காலம் அதனோடு வாழ்ந்த நம் தேனீ ஓரளவு தாங்குகிறது. ஐரோப்பியத் தேனீ தாங்குவதில்லை. ஒரு பெட்டியில் உண்ணி எவ்வளவு என்று அறிய, ஏறத்தாழ 300 தேனீக்களை எடுத்துச் சாராயத்தில் அலசி எண்ணுவது ஒரு வழி. அவ்வளவு தேனீயும் மடியும். மற்றொரு வழி, அவற்றை வலைமூடியிட்ட சீசாவில் இட்டுச் சர்க்கரைத் தூளைத் தூவி உருட்டுவது. உண்ணிகள் பிடி நழுவி விழும். தேனீக்கள் உயிருடன் கூடு திரும்பும். முதல் வழியின் கணக்கே துல்லியம் மிக்கது. ஆயினும் இரண்டாம் வழியைத் தேர்வாரும் பலர் உளர்.

காரணம் ஒன்றன்று

இவ்வாய்வுகள் அனைத்தும் காட்டுவது யாதெனில், உண்ணி, நோய், நஞ்சு, பசி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று துணையாகித் தேனீயை வீழ்த்துகின்றன என்பதே. பல கல் தொலைவுக்கு ஒரே பயிர் நிற்கும் நிலத்தில், அது பூத்து ஓய்ந்தபின் தேனீக்கு உணவில்லை. பசித்த தேனீயை நோய் எளிதிற் பற்றும். நோயுற்றதனைச் சிறிதளவு நஞ்சும் மாய்க்கும். இவற்றுள் உண்ணியையும் வைரசையும் தடுப்பது நம் போன்றோர் கையில் இல்லை. நஞ்சும் பசியும் நம் கையில் உள்ளன.

நம் கடமை

நம் குடும்பங்களுள் பல உழவுத்தொழிலைச் சார்ந்தவை. உழவில் நேரும் உயிர்க்கேட்டை உத்யோக இம்சை என வகுத்து, இல்லறத்தாரால் அதனை முற்றும் விலக்க இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் உணர்ந்திருந்தனர். ஆனால் இயன்றவரை குறைக்காதிருத்தல் பிரமாதம், அதாவது கவனமின்மை. கவனமின்மையே இம்சையின் வேர் என்று தத்துவார்த்த சூத்திரம் காட்டுகிறது.

தயாமீத்தாக்சாம், இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின் ஆகிய மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை செய்தது. இவ்வகை மருந்துகள் நம் நாட்டு வயல்களிலும் பயன்படுகின்றன. எள்ளும் பூசணியும் சூரியகாந்தியும் பூத்திருக்கும்போது மருந்து தெளியாதிருத்தல், தவிர்க்க இயலாவிடின் தேனீக்கள் கூடடைந்த மாலை வேளையில் தெளித்தல், வரப்போரத்தில் புங்கும் வேம்பும் நாவலும் நிற்க விடுதல் ஆகியவை எளியன. நிலமில்லாதோர் வீட்டுத் தோட்டத்தில் துளசியும் முருங்கையும் வளர்க்கலாம்.

உண்ணாமை நோன்பின் ஒரு பாதி. ஊறு செய்யாமை மறுபாதி. இரண்டும் கூடிய இடத்திலேயே அகிம்சை முழுமை பெறும்.

பிள்ளைகளுடன் உரையாட வினாக்கள்

1. பிரெஞ்சு ஆய்வில் சில தேனீக்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தது ஏன்?

2. நம் வயலிலோ தோட்டத்திலோ எந்தெந்த மாதத்தில் பூ இல்லை? அப்போது தேனீ எதை உண்ணும்?

3. உண்ணியும் உயிர், தேனீயும் உயிர். தேனீ வளர்ப்பவர் இவ்விடத்து என் செய்வார்? நும் கருத்தைக் கூறுக.