மாநில எல்லை கடந்து விற்போர் கவனத்திற்கு

பண்ருட்டி முந்திரிப் பருப்பையோ வீட்டு ஊறுகாயையோ இணைய அங்காடி வாயிலாக விற்க விழையும் கடலூர், சிதம்பரம் வட்டாரச் சிறு வியாபாரிகள் பின்வரும் விதிகளை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

• தமிழ்நாட்டிற்குள் மட்டுமே சரக்கு விற்போர்க்கு, சில பொருள்கள் நீங்கலாக, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமன்று. 2023 அக்டோபர் 1 முதல் இணைய அங்காடியில் விற்போர்க்கும் இச்சலுகை உண்டெனினும், அவர்கள் பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. தளத்தில் சேர்க்கை எண் பெறுதல் வேண்டும்.

• வரிக்குரிய சரக்கு இணைய அங்காடி வழியே மாநில எல்லையைக் கடக்குமாயின், தொகை எத்துணைச் சிறிதாயினும் பதிவு கட்டாயமாகும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது.

• புதுச்சேரியும் காரைக்காலும் நமக்கு அண்டை ஊர்களே எனினும், வரிச்சட்டத்தின் பார்வையில் அவை வெளிமாநிலமாதலால், அங்கு அனுப்பும் சரக்கின் பில்லில் மாநிலங்களுக்கு இடையேயான வரியான ஐ.ஜி.எஸ்.டி.யையே விதித்தல் வேண்டும்.

• சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித்திட்டமாகிய காம்போசிஷன் திட்டத்தில் இருப்போர் வெளிமாநிலத்திற்குச் சரக்கு விற்றல் ஆகாது.

• 2024 ஜூலை 10 முதல் இணைய அங்காடி உங்கள் விற்பனையில் வரியாகப் பிடித்தம் செய்யும் 0.5 சதவீதத் தொகை உங்களுக்கே உரியதாகையால், அதை மாதந்தோறும் சரிபார்த்து, ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்று, வரவு வைத்துக்கொள்ளத் தவறாதீர்.