முதல் மினி ஒரு ஆர்க்காக இருக்கட்டும்: வண்ணம் தீட்டவும் உருமாற்றவும் முழுமையான வழிகாட்டி

மினி எனப்படும் சிற்றுருவப் படைகளை மேசைமேல் நிறுத்தி, அளவுநாடா பிடித்து, பகடை உருட்டிப் போர் நடத்தும் விளையாட்டு புதிதல்ல. ஹெச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்கொரு விதிநூல் எழுதிவிட்டார். இன்று இந்தப் பொழுதுபோக்கின் தலைநகரம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். 1983-இல் 'வார்ஹாமர்', 1987-இல் அதன் விண்வெளி வடிவமான 'வார்ஹாமர் 40,000' ஆகியவற்றைக் கொண்டுவந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் கையும் காலும் தலையும் தனித்தனியாக இருக்கும். வெட்டி ஒட்டி வண்ணம் தீட்டுவது வாங்கியவர் பாடு. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இதை மட்டுமே செய்துகொண்டிருப்பவர்கள் ஏராளம்.

எதில் தொடங்குவது

புதிதாக வருபவர்களில் பலர் ஸ்பேஸ் மரீன் எனப்படும் கவச வீரனைத்தான் முதலில் வாங்குகிறார்கள். என் கட்சி வேறு: ஆர்க் என்ற பச்சைத்தோல் அரக்கனை வாங்குங்கள். மரீனின் கவசம் வழவழப்பானது. தூரிகை இழுத்த தடம் ஒவ்வொன்றும் அதில் காட்டிக்கொடுக்கும். ஆர்க்கின் உடம்பு முண்டும் முடிச்சுமான தசை, கிழிந்த தோலாடை, துருப்பிடித்த இரும்பு. நிழலும் வெளிச்சமும் தாமாகவே விழும். கதைப்படியும் ஆர்க்குகள் எதிரியின் குப்பையைப் பொறுக்கித் தங்கள் ஆயுதங்களை அடித்துக்கொள்பவர்கள். ஒட்டு கொஞ்சம் பிசகினாலும் அது ஆர்க் வேலைப்பாடு என்று போய்விடும்.

தேவையான சாமான்கள்

பட்டியல் சிறியது. சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க ஒரு பக்கம் தட்டையான நிப்பர், கூரான கிராஃப்ட் கத்தி, நைஸ் உப்புத்தாள், பிளாஸ்டிக் சிமென்ட், ஃபெவிக்விக், எம்-சீல், ஆறேழு அக்ரிலிக் பெயின்ட், பிரைமர், மேட் வார்னிஷ். மினிக்கென்றே வரும் பெயின்டைத்தான் வாங்க வேண்டும். சிட்டாடல், ஸ்பெயினின் வயேஹோ, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் எதுவானாலும் சரி. சாதாரண கைவினை அக்ரிலிக்கில் நிறத்துகள் பெரிது. 30 மில்லிமீட்டர் உருவத்தில் அது முகத்தையே மூடிவிடும்.

தூரிகையில் ஒரு பொதுவான தவறு உண்டு. சின்ன உருவம் என்பதால் 000 எண்ணுள்ள ஊசித் தூரிகையைத் தேடி வாங்குவார்கள். அதில் நிற்கும் துளிப் பெயின்ட், உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். 1 எண்ணுள்ள தூரிகை, நுனி ஒழுங்காகக் கூடினால், கண்ணுக்குள் புள்ளி வைக்கவும் போதும். அதோடு, கடைசியில் விளக்கும் ட்ரை பிரஷ் வேலைக்கு ஒரு பழைய பட்டைத் தூரிகை. நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் வழக்கம் பழைய கைகளிடம் உண்டு. நீங்கள் பழகிக்கொள்ள வேண்டாம்.

வெட்டு, தேய், ஒட்டு

பாகத்தைச் சட்டத்திலிருந்து ஒட்ட வெட்டாதீர்கள். சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு நெருங்கி இன்னொரு வெட்டு. அப்போதுதான் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழாது. அடுத்தது அச்சுக்கோடு: அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில், தோளிலும் தொடையிலும் மண்டையிலும் மெல்லிய வரப்பாக ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டினால் போய்விடும். சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோடு, வண்ணம் ஏறியதும் பளிச்சென்று தெரியும். இதற்குக் காட்டும் சோம்பேறித்தனத்தைப் பிறகு எந்தப் பெயின்டும் மறைக்காது.

பிளாஸ்டிக் சிமென்ட் பசையல்ல. இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ஆகவே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேரும்போது மட்டுமே வேலை செய்யும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் ஃபெவிக்விக் வகைதான். ரெசின் உருவமானால் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சின் எண்ணெய்ப்பசை இருந்தால் பெயின்ட் உரிந்துவரும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துத் தேய்ப்பது, முகக்கவசம் போட்டுக்கொள்வது இரண்டும் கட்டாயம்.

உருமாற்றம்: இங்கேதான் கை அரிக்கும்

ஒரு பெட்டியின் தலை, இன்னொரு பெட்டியின் கை, மூன்றாவதன் ஆயுதம் என்று கலந்து புதிய உருவம் செய்வதை கிட்பாஷ் என்கிறார்கள். வெட்டி, வளைத்து, எம்-சீல் போன்ற மாவு பூசி உருவையே மாற்றினால் கன்வர்ஷன். இதற்குக் கம்பெனி கோபித்துக்கொள்ளுமோ என்று தயங்க வேண்டாம். 'வார்ஹாமர் 40,000' வந்த புதிதில் டியோடரன்ட் டப்பாவிலிருந்து பறக்கும் டாங்கி செய்யக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான்.

முதலில் ஒரு காரணம் பிடியுங்கள். 'வித்தியாசமாக இருக்க வேண்டும்' என்பது காரணமாகாது. அப்படித் தொடங்கினால் கண்ட ஆயுதத்தையும் ஒட்டி, உருவம் முள்ளம்பன்றியாகிவிடும். டெத்ஸ்கல்ஸ் என்ற ஆர்க் கூட்டம் திருட்டுக்குப் பேர்போனது. நீல நிறம் அதிர்ஷ்டம் என்று நம்பி உடம்பில் பூசிக்கொள்வார்கள். நம் ஆர்க் அந்தக் கூட்டத்துக்காரன், ஒரு மரீனைக் கொன்று தோள்கவசத்தைப் பிடுங்கிக்கொண்டவன் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கவசம் போதும்.

மரீன் தோள்கவசம் ஆர்க் தோளில் அப்படியே உட்காராது. உள்ளே குழிவு இருக்கும். முதலில் ப்ளூ டேக் என்ற ஒட்டுக்களியை வைத்து, பசையில்லாமல் நிறுத்திப் பாருங்கள். கை தூக்கிய நிலையில் கவசம் தாடையை மறைக்கிறதா? மறைத்தால் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் சீவுங்கள். வெட்டிய விளிம்பைக் கத்தியால் ஒழுங்கில்லாமல் கொத்திவிட்டால் போர்க்களத்தில் பிய்த்தெடுத்த தோற்றம் வரும். அடியில் கடுகளவு எம்-சீல் வைத்து அழுத்தினால் இடைவெளி நிரம்பும், பிடிப்பும் கிடைக்கும். அதே மாவை மெல்லிய நாடாவாக உருட்டித் தட்டி, கவசத்தின் குறுக்கே தோல்வாராகப் போடலாம். குண்டூசி முனையால் வரிசையாகக் குத்தினால் தையல்.

தலையை மாற்றுவதென்றால் கழுத்துக் குழியில், கையை மாற்றுவதென்றால் மணிக்கட்டில் அல்லது துணி முடியும் இடத்தில் வெட்டுங்கள். உடம்பில் கோடு இயல்பாகவே இருக்கும் இடத்தில் ஒட்டு தெரியாது. பாரமான பாகத்துக்கு ஃபெவிக்விக் மட்டும் போதாது. கைத்துளைப்பானால் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, பேப்பர் கிளிப் துண்டைச் செருகி ஒட்டினால் கீழே விழுந்தாலும் தாங்கும்.

வெளிநாட்டவர்கள் மாவு வேலைக்கு கிரீன் ஸ்டஃப் பயன்படுத்துவார்கள்: நீலமும் மஞ்சளும் சம அளவில் பிசைந்தால் பச்சையாகும் எபாக்சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைந்துகொடுக்கும். முடி, ரோமம், துணிமடிப்புக்கு அதுதான். எம்-சீல் சீக்கிரம் இறுகும், இறுகியபின் கல்லாகும். இடைவெளி நிரப்பவும் பாறை செய்யவும் அது போதும். எதுவானாலும் விரலும் கருவியும் ஈரமாக இருக்க வேண்டும்.

ஆட்டத்துக்குக் கொண்டுபோவதானால் ஒரு கட்டுப்பாடு: கையில் தெரியும் ஆயுதம்தான் ஆட்டத்திலும் ஆயுதம் என்பது பரவலான வழக்கம். கோடாரி பிடித்தவனைத் துப்பாக்கிக்காரன் என்று சொன்னால் எதிராளி முகம் சுளிப்பார்.

பிரைமர்

வெறும் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது. ஸ்ப்ரே பிரைமரை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, விட்டுவிட்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஈரக்காற்று ஸ்ப்ரேக்கு எதிரி. சென்னை போன்ற கடற்கரை ஊரில் மழைநாளில் அடித்தால் பரப்பு வெளிறும், அல்லது மணல்போல் சொரசொரக்கும். வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள், முடியாவிட்டால் தூரிகையால் பூசும் பிரைமரை வாங்குங்கள்.

வண்ணம்

கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் பயிற்சிக் காணொளிகளில் டங்கன் ரோட்ஸ் சொல்லிச் சொல்லி 'இரண்டு மெல்லிய பூச்சு' என்பது இந்த வட்டாரத்தின் மந்திரமாகிவிட்டது. பிறகு அவர் தொடங்கிய பெயின்ட் வரிசைக்கும் அதே பெயர். டப்பாவிலிருந்து நேராக எடுத்துப் பூசினால் தசைக்கோடுகள் நிரம்பிப்போகும். தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தால், ஓடி வழியாமல், தடமும் விழாமல் பரவ வேண்டும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். பயந்து அதன்மேல் உடனே தேய்க்காதீர்கள். காய்ந்தபின் இரண்டாவது பூச்சு எல்லாவற்றையும் சரிசெய்யும்.

நம் ஊர் வெக்கையிலும் மின்விசிறிக் காற்றிலும் தட்டில் வைத்த பெயின்ட் நிமிடங்களில் தோல் கட்டிவிடும். மூடியுள்ள ஒரு டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு, அதன்மேல் பேக்கிங் பட்டர் பேப்பரை விரித்து அதில் கலந்தால் மணிக்கணக்கில் ஈரம் காக்கும். ஈரத்தட்டு என்று கடையில் விற்பதும் இதேதான்.

சிட்டாடல் வரிசையில் ஆர்க் தோலுக்கான வழி இது: அடிநிறம் வாஃக் ஃபிளெஷ். காய்ந்ததும் பியல்-டான் கிரீன் வாஷை மேலே விட்டால், நீர்த்த அந்த நிறம் பள்ளங்களில் இறங்கி நிழலாகும். குளமாகத் தேங்கினால் ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். முழுதாகக் காய்ந்தபின் மேடுகளில் மட்டும் வார்பாஸ் கிரீன். மூக்கு, புருவம், விரல்மூட்டு, கீழுதடு ஆகியவற்றில் மட்டும் ஸ்கார்ஸ்னிக் கிரீன். பொறுமை இல்லாதவர்களுக்கு 2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் இருக்கிறது. வெளிர் பிரைமர்மேல் ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும். ஆர்க் தோலுக்கு அருமை. தட்டையான கவசத்தில் திட்டு விழும்.

இரும்புக்கு லெட்பெல்ச்சர், அதன்மேல் நல்ன் ஆயில் வாஷ். துருவுக்குத் தூரிகையே வேண்டாம். பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி, செம்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு விளிம்புகளில் லேசாகத் தட்டுங்கள். மரீன் தோள்கவசத்துக்கு நீலம் பூசி, அதே ஸ்பாஞ்சால் ஓரங்களில் வெள்ளி தட்டினால் உரிந்த பெயின்ட் ஆகிவிடும். பழைய சொந்தக்காரனின் நிறம் ஒரு மூலையில் எட்டிப்பார்க்கட்டும். திருட்டு மால் என்று பார்த்ததுமே தெரியும்.

முகத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பல்லின் வேரில் பழுப்பு, நுனியில் எலும்பு நிறம், கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளி. முகம் சரியாக இருந்தால் முதுகில் உள்ள பிழையை யாரும் பார்ப்பதில்லை.

பீடமும் வார்னிஷும்

பீடத்தில் ஃபெவிகாலைத் தடவி, சலித்த மணலைத் தூவி, காய்ந்தபின் அடர்பழுப்பு பூசி, வெளிர் நிறத்தால் ட்ரை பிரஷ் செய்யுங்கள்: தூரிகையில் பெயின்டை எடுத்து, கிட்டத்தட்ட முழுவதையும் காகிதத்தில் துடைத்துவிட்டு மேலாகத் தேய்ப்பது. பீடத்தின் சுற்றுவிளிம்புக்கு ஒரே நிறம், சுத்தமாக. கடைசியில் மேட் வார்னிஷ். ஆட்டத்தில் கைபட்டுப் பெயின்ட் தேயாமல் இருக்க. பிரைமருக்குச் சொன்ன வானிலை எச்சரிக்கை இதற்கும் உண்டு, இன்னும் கறாராக. ஈரத்தில் அடித்த வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துப்போனால் மொத்த வேலையும் வீண்.

நிறம் பிடிக்காவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலான அக்ரிலிக் கழன்றுவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

பத்து உருவத்தை ஒன்றாக ஒட்டி வரிசையாக நிறுத்தி வைத்தவர்கள் வீட்டில் அவை சாம்பல் நிறத்திலேயே தூசி படிந்து நிற்கின்றன. ஒரே ஆர்க்கை எடுத்து, பீடம் வரைக்கும் முடித்துவிட்டு, பிறகு அடுத்த பெட்டியின் விலையைக் கேளுங்கள்.