மொட்டை டயரும் பந்தய டயரும்

அண்மையில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசி முடித்ததும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஐயா, செப்பாங்கில் ஓடும் பந்தய மோட்டார் சைக்கிள்களின் டயரில் பூவே இல்லை. ஆனாலும் அவை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. என் டயர் மட்டும் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்கிறீர்களே, ஏன்?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அது நல்ல வினா. அதற்கு விடை காண்பதே இம்மாதப் பாடம்.

பிடிப்பு எவ்வாறு உண்டாகிறது?

மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவே இருக்கும். நிற்பதும் திரும்புவதும் இச்சிறு இடத்தை நம்பியே நடைபெறுகின்றன. ரப்பர் மென்மையானது. ஆதலால் தார்ச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது அழுந்திப் பற்றிக்கொள்கிறது. தரையோடு ஓரளவு ஒட்டவும் செய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே பிடிப்பு. இடையில் தண்ணீர் புகுந்தால் ரப்பர் தரையைத் தொட இயலாது. குளியலறைச் சிமெண்டுத் தரையில் தேய்ந்த சிலிப்பர் வழுக்குவதை நாம் அறிவோம். டயர்ப் பூ எனப்படும் காடிகள் தண்ணீரை ஒதுக்கி வெளியேற்றவே வெட்டப்பட்டுள்ளன.

பந்தயத் தடத்தில்

1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமுடையது. அங்கே பூவற்ற டயர் உலர்ந்த தரைக்கு மட்டுமே உரியது. காடிகள் இல்லாமையால் கூடுதலான ரப்பர் தரையைத் தொடுகிறது. அந்த ரப்பர் மிக மென்மையான கலவை. ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் நன்கு பற்றும். ஆகவே, புறப்படுமுன் மின் வெப்பப் போர்வையால் அதைச் சூடேற்றுகின்றனர். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிப் பந்தயம் முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்துவிடும். மழை பெய்தாலோ அவ்வீரர்களும் ஆழ்ந்த காடிகளுள்ள டயருக்கு மாறிவிடுகின்றனர்.

நம் சாலையில்

நம் டயர் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைப்பதற்காகக் கடினமான கலவையால் செய்யப்பட்டது. அது தேய்ந்து மொட்டையானால் பந்தய டயராகிவிடாது. கலவை மாறுவதில்லை, வெயிலிலும் வயதிலும் ரப்பர் மேலும் இறுகுகிறது, மேற்பகுதி மெலிவதால் ஆணியும் முள்ளும் எளிதில் ஏறுகின்றன.

இங்கே ஓர் ஏமாற்றமும் உண்டு. உலர்ந்த தார்ச் சாலையில் மொட்டை டயர் பெருங்குறை எதையும் காட்டாது. "நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது" என்று எண்ணுகிறோம். மாலை மழையில்தான் அதன் குறை வெளிப்படுகிறது. அதுவும், மழையின் முதற்சில நிமிடங்களில் சாலையிலுள்ள எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச் சாலையில் சேரும் இடம், செம்பனைக் குலை லோரிகள் சேற்றை உதிர்த்துச் செல்லும் வளைவு, வெள்ளைக் கோடு, இரும்பு மூடி ஆகியவை குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடங்கள்.

ஒரு கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறோம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு வினாடி கழிந்துவிடும். பிறகு, நல்ல டயர் உலர்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ 18 மீட்டர் தேவை; ஆக 35 மீட்டர். ஈரத்தில் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 36 மீட்டர் தேவை. ஆக 53 மீட்டர். வேகத்தைப் பாதியாக்கினாலோ பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கில் ஒன்றாகிவிடும்.

பிடிப்பு மாதச் சம்பளத்தைப் போன்றது. வளைவில் சாய்ந்து திரும்பும்போதே அதில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அந்நேரத்தில் பிரேக்கைக் கடுமையாக அழுத்துவது கையில் இல்லாத பணத்தைச் செலவழிப்பதாகும். ஆகவே, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. காடிகளுக்குள் சிறு மேடாக அமைந்திருக்கும் தேய்மான அடையாளத்தைப் பாருங்கள். டயர் அதன் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள்.

2. வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன், காற்றழுத்தத்தைச் சோதியுங்கள். தயாரிப்பாளர் குறித்த அளவே சரியான அளவு.

3. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வாங்கும்போதே இதைப் பாருங்கள்.

4. அழகுக்காகக் குறித்த அளவினும் மெல்லிய டயரைப் பொருத்தாதீர்கள்.

5. புதிய டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 100 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. பந்தய வீரர் வழுக்கி விழுந்தால் தடத்தின் ஓரத்தில் அகன்ற கற்பரப்பு அவரைத் தாங்குகிறது. மருத்துவரும் அருகிலேயே காத்திருக்கிறார். நம் வளைவில் எதிரே வருவதோ லோரி. வினாத் தொடுத்த இளைஞர், விடியுமுன் தம் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குச் செல்பவர் என்று பிறகு அறிந்தேன். அவருடைய டயர் சுமப்பது இரண்டு உயிர்களை. நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் ஒரு நிமிடம் குனிந்து உங்கள் டயரையும் பாருங்கள்.