பழைய பைப்பை எப்போது மாற்றுவது?

கேள்வி: 1988-ல் கட்டிய வீடுங்க. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். காலையில் குழாயைத் திறந்தால் செம்பழுப்பாகத் தண்ணீர் வருகிறது. பிளம்பர் மொத்தமும் மாற்றச் சொல்கிறார். அவசியந்தானுங்களா?
– வாசகி, சிங்காநல்லூர்

பதில்: அவசரப்படாதீங்க, முதலில் பார்த்துவிடலாம். செம்பழுப்பு ஒரே குழாயில் மட்டும் என்றால் அந்தக் கிளையை மாற்றினால் போதும். எல்லாக் குழாயிலும் வந்து, சற்று நேரம் ஓடியதும் தெளிந்தால், பைப்பின் துத்தநாகப் பூச்சு போய் உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

துருவைப் போலவே உப்பும் பைப்பை அடைக்கும். கோவையின் சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அவ்வளவாகப் படியாது. போர் தண்ணீரின் உப்போ பைப்புக்குள் வெள்ளையாகப் படிந்து இறுகும். கீசர் லைனில் இன்னும் சீக்கிரம். ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள். அரை அங்குல பைப்பில் பென்சில் நுழையும் துளைதான் மிச்சம் என்றால், இனி ஒட்டுப்போடுவது வீண்செலவு.

இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சுவரில் ஈரத்திட்டும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாதீங்க. மாற்றும்போது வெந்நீருக்கு சி.பி.வி.சி., குளிர்நீருக்கு யு.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடுங்கள், துருத்தொல்லை தீரும்.