பெல்ட் எலும்பில் உட்காரட்டும்

கேள்வி: சேலம் போய்விட்டு மலையேறி வரும்போது எங்கள் கார் ஓரத்து மரத்தில் மோதியது. முன்சீட்டில் இருந்த எனக்கும் அண்ணனுக்கும் மார்பில் கன்றிப்போனதோடு சரி. பின்சீட்டின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் போட்டிருந்த அம்மாவுக்குக் குடல் கிழிந்து ஆபரேஷன் ஆயிற்று. "பெல்ட் போட்டதால்தான் வந்தது" என்கிறார்கள் ஊரில். கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத்தானே போகிறோம், பெல்ட் அவசியமா? இன்னொன்று, மேட்டில் நிறுத்திய காரில் பெல்ட்டை இழுத்தால் சில நேரம் வரவே மாட்டேன் என்கிறது. பழுதா?

— வாசகி, வாழவந்தி, ஏற்காடு

பதில்: ஊரார் சொல்வதில் பாதி உண்மை. குடலைக் கிழித்தது பெல்ட்டாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் இல்லாதிருந்தால் அம்மா உங்கள் இருவர் முதுகிலும் வந்து மோதியிருப்பார்.

முதலில் "மெதுவாக" என்பதைப் பார்ப்போம். உங்கள் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பார்களே, இருபதடி உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதே வேகத்தில் போகும் கார் மரத்தில் மோதி நின்றால், பெல்ட் போடாதவர் அந்த ஏணியிலிருந்து விழுந்தவர்தான்.

இப்போது அம்மாவின் காயத்துக்கு வருவோம். மோதலின் விசையை உடம்பில் எங்காவது இறக்கியே ஆகவேண்டும். அதைத் தாங்கக்கூடியவை இடுப்பெலும்பு, மார்புக்கூடு, தோள்பட்டை எலும்பு. வயிறு தாங்காது. இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் மேலுடம்பு முன்னால் மடிகிறது; பட்டை மேலேறி வயிற்றில் புதைகிறது. குடலும் குடல் தாங்கிச் சவ்வும் கிழியும். சிலருக்கு முதுகெலும்பு குறுக்காகப் பிளக்கும். அதற்குச் 'சான்ஸ் முறிவு' என்று பெயர். அதிர்ஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1948-ல் அதை விவரித்த பிரிட்டிஷ் டாக்டரின் பெயர் சான்ஸ்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ஸ்வீடன் பொறியாளர் நில்ஸ் போலின். விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர், வோல்வோவில் சேர்ந்து 1959-ல் இடுப்போடு தோளையும் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட்டைக் கொடுத்தார். காப்புரிமையை எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ விட்டுவிட்டது. வாகன உலகில் இதைவிடப் பெரிய தானம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கக் கணக்கில், கார்களின் பின்சீட்டில் இடுப்புப் பட்டை மட்டும் சாவை 32 சதவீதம் குறைக்கிறது. தோள் பட்டையும் சேர்ந்தால் 44 சதவீதம். உங்கள் மார்பில் கன்றியது அந்தத் தோள் பட்டை தன் வேலையைச் செய்த தடம்.

அணிவதிலும் விஷயம் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து இடுப்பின் முன்பக்கம் இரு ஓரமும் விரலால் அழுத்திப் பாருங்கள், இரண்டு எலும்பு மேடுகள் தட்டுப்படும். பட்டை அவற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் படியவேண்டும். புடவைக் கொசுவம், அதன்மேல் ஸ்வெட்டர், மடியில் ஒரு பை என்று இருந்தால் பட்டை தானாகத் தொப்புளுக்கு ஏறிவிடும். மலைக்குளிருக்குப் போர்த்துவதைப் பெல்ட்டுக்கு மேலே போர்த்தச் சொல்லுங்கள். சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்குவதும் வேண்டாம்; உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும். கர்ப்பிணிகளுக்கும் பட்டை வயிற்றுக்குக் கீழேதான்.

இழுத்தால் வராதது பழுதல்ல. சுருள் பெட்டிக்குள், பல வண்டிகளில், ஒரு சிறு எஃகுக் குண்டு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். வண்டி திடீரென்று நின்றாலோ சாய்ந்தாலோ குண்டு உருண்டு பூட்டிவிடும். சர்வதேச விதிப்படி 12 டிகிரி சாய்வு வரை பூட்டக்கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆகவேண்டும். தோட்டத்துச் செங்குத்துப் பாதையில் நிறுத்தியிருந்தால் அது விழித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டும். முழுதும் உள்ளே விட்டு, நிதானமாக இழுங்கள். சமதளத்திலும் வராவிட்டால்தான் மெக்கானிக்.

பின்சீட்டிலும் பெல்ட் போடவேண்டும் என்ற சட்டம் பழையது. போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்த பிறகுதான் நாட்டுக்கு அது நினைவு வந்தது. அப்படியும், பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணியை ஏமாற்றும் கிளிப்புகளை நம்மவர்கள் வாங்கினார்கள். 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஆன்லைன் கடைகளிலிருந்து அவற்றின் 13,118 பதிவுகளை நீக்க வைத்தது.

இனி அம்மாவை ஓரத்துச் சீட்டில், மூன்று முனைப் பெல்ட் உள்ள இடத்தில் உட்கார வையுங்கள். கார் பட்டறையில் இருந்தால் இன்றே ஒரு போன் போடுங்கள்: மோதலில் இழுபட்ட பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி நம்பத் தகாது. மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள்.